பச்சைத் தொட்டி எது, நீலத் தொட்டி எது

பாசமுள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. இங்கே நானும், என் மனைவியும், நீ என்னை நம்பி ஒப்படைத்துப் போன பார்லரும், அதில் வேலை செய்கிறவர்களும் இந்த வரியை எழுதுகிற நிமிடம் வரை சுகமாகவே இருக்கிறோம். அங்கே நீயும், பிள்ளை பெற்ற மகளும், புதிதாக வந்திருக்கிற பேத்தியும், தொட்டிலைத் தூக்கி இடுப்புப் பிடித்துக்கொண்டதாகச் சொன்ன மாப்பிள்ளையும் அதேபோலச் சுகமாக இருக்க வேண்டும். குழந்தையின் போட்டோ பார்த்தோம். மூக்கு நம் வீட்டு மூக்கு. வளர வளரச் சரியாகிவிடும், மகளைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்.

நேற்று போனில், "அங்க என்னடா நடக்குது? சுருட்டை வேலையை விட்டுட்டுப் போயிட்டாளாமே, நீ டவல் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒளிஞ்சிருந்தியாமே" என்று கேட்டாய். லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. போனில் சொன்னால் முதல் வாக்கியத்திலேயே நீ சத்தம்போட ஆரம்பிப்பாய், நான் இரண்டாவது வாக்கியத்தை மறந்துவிடுவேன். கடிதமென்றால் குறுக்கே பேச முடியாது. அதனால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். எனக்கே சில இடங்களில் வரிசை பிடிபடவில்லை; பிடிபட்ட வரை எழுதுகிறேன்.

"ரிட்டயர் ஆகி வீட்டுல சும்மாதானே இருக்க, கல்லாவுல உக்காந்தா போதும், வெட்டுறதையும் சாயம் பூசுறதையும் சுருட்டை பாத்துப்பா, புருவத்தையும் முகத்தையும் நெட்டை பாத்துப்பா" என்று சொல்லிவிட்டு நீ புறப்பட்டாய் அல்லவா, நீ போன கையோடு நகராட்சியிலிருந்து ஒரு கையேடு வந்தது. இனிமேல் கடை, ஆபீஸ், பார்லர் எதுவானாலும் குப்பையை ஒன்றாகக் கொட்டக் கூடாது. உணவு தனி, காகிதம் அட்டை தனி, பிளாஸ்டிக்கும் டின்னும் கண்ணாடியும் தனி, இவை எதிலும் சேராதது தனி. பச்சை, நீலம், மஞ்சள், கறுப்பு என்று நான்கு நிற மூடியோடு தொட்டிகளும் வந்தன. மூடியில் எழுத்து எதுவும் இல்லை. எழுத்தை அந்தந்தக் கடைக்காரரே ஒட்டிக்கொள்ள வேண்டுமாம். விளக்கக் கூட்டத்துக்குச் சுருட்டையையும் நெட்டையையும் அனுப்பிவிட்டு நான் கல்லாவில் இருந்தேன். எனக்குக் கூட்டம் எதற்கு? வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும் வரை தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிற மேஜையில் உட்கார்ந்து தலை நரைத்தவன் நான். கோழி கிண்டின மாதிரி எழுதிய விலாசத்தையெல்லாம் படித்து ஊர் ஊராகப் பிரித்துப் போட்டவனுக்கு வாழைப்பழத் தோலையும் பழைய பேப்பரையும் பிரிக்கத் தெரியாதா? அன்று மாலையே என் நல்ல கையெழுத்தில் 'உணவு', 'காகிதம்', 'பிளாஸ்டிக் முதலியன', 'மற்றவை' என்று தனித்தனிச் சீட்டு எழுதி, பின்பக்க நடையில் துணி துவைக்கிற மெஷினுக்கும் கழிவறைக்கும் நடுவே தொட்டிகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றின் முகத்திலும் பசை தடவி ஒட்டினேன். நாற்காலிக்கு நாற்காலி நீ வைத்திருந்த குட்டிக் கூடைகளையெல்லாம் எடுத்துவிட்டேன், அதில்தான் எல்லாம் கலந்துபோகிறது என்று கையேட்டில் போட்டிருந்தது. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். அதோடு சரி.

மறுநாள் சுருட்டை விளக்குமாற்றோடு வந்து நின்று, "தபால் சார், முடியை எதுல போடறது?" என்று கேட்டாள். கையேட்டைப் புரட்டினேன். மீன் முள்ளுக்கு வழி சொல்லியிருக்கிறான், பழைய செருப்புக்குச் சொல்லியிருக்கிறான், முடிக்குச் சொல்லவில்லை. உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள்.

"எந்த முடி சார்?"

"தலைமுடிம்மா."

"யாரோட தலைமுடி?"

"வர்றவங்களோடது. நாங்க வெட்டுறோம், கீழ விழுது."

"சாயம் போட்டதா, போடாததா?"

"எல்லாம் கலந்துதான் விழுது."

"கலக்கக் கூடாது சார். போடாததுன்னா பச்சை. போட்டதுன்னா கறுப்பு."

"கறுப்புச் சாயம் போட்டதா?"

"எந்தச் சாயமா இருந்தாலும் கறுப்பு."

"அப்ப போடாத கறுப்பு?"

"அது பச்சை."

நன்றி சொல்லி வைத்தேன். வைத்த பிறகு கறுப்பு முடி பச்சைக்கா, சிவப்பு முடி கறுப்புக்கா என்று எனக்குள்ளேயே ஒரு குழப்பம். ஒன்று மட்டும் புரிந்தது, வெட்டுவதற்கு முன்னாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆகவே உள்ளே நுழைகிற ஒவ்வொரு பெண்மணியிடமும் வணக்கம் சொல்லி, "அம்மா, இந்தக் கறுப்பு உங்களுடையதா, சாயமா?" என்று கேட்க ஆரம்பித்தேன். மரியாதையாகத்தான் கேட்டேன். உன் பழைய வாடிக்கைக்காரி, தலைமையாசிரியையாக இருந்தவர், அவரிடமும் கேட்டேன். அவர் என்னைக் கரும்பலகை முன்னால் நிற்க வைத்ததுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இத்தன வருஷமா நான் சாயம் போடறது என் வீட்டுக்காரருக்கே தெரியாது. நாலு பேர் முன்னாடி இப்படியா கேப்பீங்க?" என்றார். வீட்டுக்காரர் வாசல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். கையிலிருந்த பத்திரிகையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். அந்த அம்மாள் அதற்குப் பிறகு வரவில்லை. வீட்டுக்காரர் மட்டும் ஒரு நாள் வந்து எனக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார். ஏன் என்று சொல்லவில்லை. கடைசியில் சுருட்டைதான், "எல்லா முடியும் கறுப்புத் தொட்டி, போதுமா? இனிமே யார்கிட்டயும் எதையும் கேக்காதீங்க" என்று தீர்ப்புச் சொன்னாள்.

பிறகு தேநீர்ப் பை. நீ வாங்கி வைத்திருந்தாயே, நூல் கட்டின தேநீர்ப் பைகள், அதில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார். நூல் ஒரு பொருள், நூலின் முனையில் அட்டை, அட்டையில் ஒரு ஸ்டேப்பிள் பின், பையே ஒருவிதமான காகிதம், உள்ளே இலை. ஒரு வாய் தேநீர் குடிக்க நான்கு தொட்டி வேலை. நான் சொன்னபடி சுருட்டையும் நெட்டையும் புருவம் பிடுங்குகிற இடுக்கியால் பின்னைப் பிடுங்கி, நகம் வெட்டுகிற கத்தரியால் நூலை நறுக்கி, பிரேதப் பரிசோதனை செய்கிற மாதிரி செய்துகொண்டிருந்தார்கள். தேநீர் நேரம் முடிந்துவிடும், தேநீர் ஆறிப்போயிருக்கும். குட்டிக் கூடைகளையும் எடுத்துவிட்டேன் அல்லவா, தலையில் நுரையோடு பெண்கள் கையில் டிஷ்யூ பேப்பரைப் பிடித்துக்கொண்டு பார்லர் பூராவும் தொட்டியைத் தேடி அலைந்தார்கள். ஒருவர் என் சட்டைப் பையில் போட்டுவிட்டுப் போனார்.

இத்தனை பாடுபட்டும், குப்பை வண்டி வந்த அன்று மஞ்சளையும் கறுப்பையும் மட்டும் எடுத்துக்கொண்டு, மற்ற இரண்டு தொட்டிகளிலும் 'கலந்துள்ளது, எடுக்கப்படவில்லை' என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். திறந்து பார்த்தேன். உணவுத் தொட்டியில் பாதி, சாயக் குழாய் வந்த அட்டைப் பெட்டிகள். காகிதத் தொட்டியில் பழத்தோலும், மிச்சச் சோறும், பக்கத்துச் சாப்பாட்டுக் கடையின் பொட்டலங்களும். கையேட்டை எடுத்துப் பார்த்தால், மூன்று முறை இப்படி ஆனால் ஆய்வாளர் நேரில் வருவார், கடையின் பெயரை நகராட்சி வாசலில் ஒட்டுவார்கள், உரிமத்தைப் புதுப்பிப்பது பற்றி அப்புறம்தான் யோசிப்பார்கள் என்று இருக்கிறது. நீ ஒற்றை நாற்காலியோடு ஆரம்பித்து உண்டாக்கின பார்லர். அங்கே நீ பேத்தியைத் தூக்கி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறாய், இங்கே நான் குப்பையில் அதைக் கவிழ்த்துவிடுவேனோ என்று கையேட்டை முதலிலிருந்து மறுபடி படித்தேன்.

இது வெளி ஆள் வேலை என்று முடிவு கட்டினேன். சாப்பாட்டுக் கடைக்காரரின் சமையலறைக் கதவும் நம் பின்பக்க நடையில்தானே திறக்கிறது. ஒரு பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நேராகப் போய், "இது உங்க கடைப் பொட்டலம்தானே?" என்றேன். கல்லாவிலிருந்து எழுந்திருக்காமலே, "என் கடைப் பொட்டலம்தான் தபால் சார். உள்ள இருந்த சோறு யார் வயித்துல இருக்குன்னு உங்க பார்லர்ல கேட்டுப் பாருங்க" என்றார். நான் விடவில்லை. "ராவோட ராவா உங்க குப்பையை எங்க தொட்டியில கொட்டுறீங்க" என்றேன். அவர் இலை எடுத்துக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு, "இனிமே பார்லருக்குச் சோறு கிடையாது" என்று சொல்லிவிட்டார். சுருட்டையும் நெட்டையும் தினமும் மத்தியானம் அங்கேதான் வாங்கிச் சாப்பிடுவார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அன்றைக்கு இரண்டு பேரும் பிஸ்கெட் சாப்பிட்டார்கள். என்னோடு பேசவில்லை. அடுத்த முறை வண்டி வந்தது, மறுபடியும் அதே இரண்டு தொட்டியில் அதே ஸ்டிக்கர்.

இனிப் பொறுப்பதில்லை, கையும் களவுமாகப் பிடிப்பதென்று ஒரு மத்தியானம் டவல் ஸ்டாண்டுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒளிந்திருந்தேன் என்று யாரோ உனக்குச் சொன்னது தவறு. உட்கார்ந்திருந்தேன். மேலே டவல்கள் தொங்கியதால் கால் மட்டும் வெளியே தெரிந்திருக்கிறது, கழிவறைக்கு வந்த ஒரு பெண் அதைப் பார்த்து வந்த வழியே திரும்பிவிட்டாள், அது வேறு விஷயம். கொஞ்ச நேரத்தில் செருப்புச் சத்தம். டவலை விலக்கிப் பார்த்தால், அக்கா, நம் சுருட்டை. ஒரு கையில் கத்தரி, ஒரு கையில் வாழைப்பழத் தோல். நேராக வந்தாள், 'காகிதம்' என்று நான் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்த தொட்டியைத் திறந்தாள், தோலைப் போட்டாள், மூடினாள், போனாள். பின்னாலேயே ஓடி, முன் அறையில் எல்லார் எதிரிலும், "நீதானா அது? இத்தன நாளா என் கண்ணுல மண்ணைத் தூவிக்கிட்டு இருந்தது நீதானா?" என்று கேட்டுவிட்டேன். அப்போது அவள் பாங்க் மேனேஜர் அம்மாவுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தாள். இடது பக்கம் காது வரை வெட்டியாகிவிட்டது, வலது பக்கம் இன்னும் தோளில் கிடந்தது.

சுருட்டை சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "அக்கா என்னை ஒரு நாள்கூட இப்படிப் பாத்ததில்ல சார். சாவியைக் குடுத்துட்டுப் போவாங்க, கல்லாவைக் குடுத்துட்டுப் போவாங்க. ஒரு பழத்தோலுக்கு நீங்க என்னைத் திருடியாக்கிட்டீங்க" என்று மட்டும் சொல்லி, மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெளியே போய்விட்டாள். நெட்டை அன்று விடுப்பு. காத்திருந்தவர்களும் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள், மிஞ்சியது நானும் பாங்க் அம்மாவும்தான். "நான் இப்ப என்ன பண்றது?" என்று அவர் கண்ணாடியைப் பார்த்துக் கேட்டார். "ஒரு பக்கமா உக்காந்து பாக்குறவங்களுக்கு நல்லாதான் இருக்கு" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். அவர் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

வேறு வழி தெரியாமல் உன் தம்பி பெண்டாட்டிக்குப் போன் செய்தேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்தவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "யாரை என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள். நான் பாதி சொல்லும் முன்னே கதவு திறந்தது. சுருட்டை. பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு வந்திருக்கிறாள். என் முகத்தைப் பார்க்காமல், "ஒருத்தர் தலையைப் பாதியில விட்டுட்டுப் போற பழக்கம் எனக்கில்ல" என்று சொல்லி மேலங்கியை மாட்டிக்கொண்டு வலது பக்கத்தை வெட்டி முடித்தாள். முடித்து, முடியைக் கூட்டி அள்ளி, "வாங்க" என்றாள். எங்கே என்று கேட்கிற தைரியம் எனக்கில்லை. அவள் பின்னால் நான், என் பின்னால் மனைவி, கழுத்தில் துண்டோடு பாங்க் அம்மா, எல்லாரும் பின்பக்க நடைக்கு வந்தோம்.

"இது என்ன தொட்டி?"

"காகிதம். எழுதியிருக்கே."

"எழுத்தை விடுங்க. நீங்க சீப்புக்கு ஒரு சீட்டு, கதவுக்கு ஒரு சீட்டு, குழாய்க்கு ஒரு சீட்டுன்னு ஒட்டுறீங்க, அதையெல்லாம் யாரு படிக்கிறாங்க? கூட்டத்துல எங்களுக்குக் கலர் சொல்லிக் குடுத்தாங்க. கலரைப் பாத்துப் போடறோம். மூடி என்ன கலர், அதைச் சொல்லுங்க."

"நீலம்."

பாங்க் அம்மா மெதுவாக, "சார், அது பச்சை" என்றார்.

"அப்ப இது?" என்று சுருட்டை பக்கத்துத் தொட்டியைக் காட்டினாள்.

"இதுதான் பச்சை."

"அது நீலம்."

மூன்று பெண்களும் சேர்ந்துகொண்டு என்னைக் கிண்டல் செய்கிறார்கள் என்றே நினைத்தேன். எனக்கு இரண்டு மூடியும் பச்சையாகத்தான் தெரிந்தன, ஒன்று இளசு, ஒன்று முற்றல். தொட்டி செய்தவன் நீலம் தீர்ந்துபோய்க் கையில் கிடைத்ததை அடித்து அனுப்பியிருக்கிறான் என்று நினைத்து, இளசை நீலமாக வைத்துக்கொண்டுதான் சீட்டு ஒட்டியிருந்தேன். அதைச் சொன்னேன். சுருட்டை ஓடிப்போய் நகப் பூச்சுப் புட்டிகளைத் தட்டோடு கொண்டுவந்துவிட்டாள். ஒன்றைத் தூக்கிக் காட்டினாள், பச்சை என்றேன், நீலம் என்றார்கள். இன்னொன்றைக் காட்டினாள், பச்சை என்றேன், அதுவும் நீலம் என்றார்கள். மூன்றாவதற்கு நான் உஷாராக நீலம் என்றேன், அது பச்சையாம். ஆக விஷயம் இதுதான். வந்துபோகிறவர்களில் படிக்கிற ஜாதி என் சீட்டைப் படித்துப் போட்டிருக்கிறார்கள். வேலை செய்கிறவர்களும் மற்றவர்களும் மூடியைப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். இரண்டு கட்சிக்கும் சரிசமமாக இரண்டு தொட்டியும் நிறைந்திருக்கிறது. "சாருக்கு நிறக்குருடு. எங்க ஆபீஸ்ல ஒருத்தர் இருந்தார், பாவம்" என்றார் பாங்க் அம்மா. சுருட்டையின் முகத்திலிருந்த கோபம் அப்படியே வடிந்துவிட்டது. "இதை முன்னாலயே சொல்லியிருக்கலாமே சார்" என்றாள். எனக்கே அப்போதுதான் தெரியும், எங்கிருந்து முன்னால் சொல்வது?

என் மனைவி போய், முடி உலர்த்துகிற நாற்காலியில் உட்கார்ந்தாள். எனக்குப் பயமாகிவிட்டது. அங்கிருந்தே, "அப்ப வாசக்கதவு?" என்றாள். உனக்கு ஞாபகமிருக்கும், எங்கள் வாசல் கதவுக்கு நீலம் அடிக்கச் சொன்னாள், நான் பச்சை வாங்கிவந்து அடித்தேன், ஒரு மாதம் பேச்சில்லை. "மயில் கழுத்துக் கலர்ல ஜாக்கெட் துணி கேட்டேன், கிளிப்பச்சையில கொண்டுவந்து நின்னீங்களே, அதுவுமா? ஜன்னல் திரை? சின்னவளோட மழைக்கோட்டு?" ஒவ்வொன்றுக்கும் நான் தலையாட்டினேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் சொல்றது எதுவும் உங்க காதுலயே ஏறலன்னு நினைச்சேங்க. கல்யாணமான நாள்லேருந்து நான் செவுத்தோட பேசிட்டு இருக்கேன்னு நினைச்சேன். கண்ணு தெரியாத மனுஷனைப் போய் இத்தன வருஷமா திட்டியிருக்கேனே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பாங்க் அம்மா அழுதார். சுருட்டை ஆளுக்கொரு டிஷ்யூ பேப்பர் கொடுத்தாள், பிறகு அவளே திரும்ப வாங்கிச் சரியான தொட்டியில் போட்டாள்.

அக்கா, அன்றிலிருந்து எனக்கு வீட்டில் நடக்கிற உபசாரத்தைச் சொன்னால் நம்பமாட்டாய். தெருவைக் கடக்கும்போது கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறாள். காலையில் சட்டையை எடுத்துக் கொடுத்து, "இது நீலம்" என்று மெதுவாகச் சொல்கிறாள். கல்யாணமான புதிதில்கூட எனக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை. யோசித்துப் பார்த்தால் எனக்கு வானமே எப்போதும் கொஞ்சம் பச்சையாகத்தான் தெரிந்திருக்கிறது போலிருக்கிறது. உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

சுருட்டையிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன், எல்லார் முன்னாலும்தானே குற்றம் சாட்டினேன். சாப்பாட்டுக் கடைக்காரரிடமும் போனேன். அவர் எழுந்து வந்து, "கண்ணுல குறைன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா தபால் சார்" என்று எனக்கு ஒரு முழுச் சாப்பாடு போட்டார். மீன் நடுத்துண்டாகப் பார்த்து வைத்தார். சீட்டுகளை இடம் மாற்றி ஒட்டினோம். மூன்றாவது ஸ்டிக்கருக்குக் காத்திராமல், அடுத்த வண்டி வருவதற்கு முன்பே ஆய்வாளர் வந்துவிட்டார். சின்ன வயதுப் பெண், கையுறை மாட்டிய கை, நீளமான இடுக்கி. ஒவ்வொரு தொட்டியாகத் திறந்து கிளறினார். நான் பரீட்சைப் பேப்பர் வாங்க நிற்கிற பிள்ளை மாதிரி நின்றேன். உணவுத் தொட்டியிலிருந்து ஒரு தேநீர்ப் பையைத் தூக்கி, "பின் இருக்கா?" என்றார். "எடுத்தாச்சு மேடம்" என்று உள்ளேயிருந்து சுருட்டையின் குரல் வந்தது. ஆய்வாளர் அதற்கு மேல் தேடவில்லை. நடந்ததை நான் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. "நிறம் மட்டும் போதாது, எழுத்து மட்டும் போதாது. ரெண்டோட படமும் ஒட்டுங்க. குப்பை உண்டாகுற இடத்துலயே தொட்டி இருக்கணும், வர்றவங்களைத் தேட விடாதீங்க. புதுசா யார் வேலைக்கு வந்தாலும் முதல் நாளே பிரிக்கக் காட்டிக் குடுங்க. உங்களுக்குத் தேநீர்ப் பையே வேண்டாம், தேயிலை வாங்கிக் கொதிக்க வைங்க" என்றார். கையேட்டைவிட அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. சுருட்டை ஒரு பழம், ஒரு புத்தகம், ஒரு புட்டி என்று படம் வரைந்து ஒட்டியிருக்கிறாள். பழம் கொஞ்சம் தலை மாதிரி இருக்கிறது, ஆனாலும் யாரும் இதுவரை அதில் முடியைப் போடவில்லை. பழைய சிவப்பு ஸ்டிக்கர்களை ஆய்வாளர் தானே உரித்துவிட்டு, வாசல் கண்ணாடியில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார். பச்சை என்று மனைவி சொன்னாள்.

ஆகவே பார்லரும் பத்திரம், சுருட்டையும் பத்திரம். நீ இங்குள்ளதை நினைத்து அவசரப்பட வேண்டாம். பேத்தி தலை நிற்கும் வரை, வேண்டுமானால் தவழும் வரை இருந்து, மகளைத் தேற்றிவிட்டு நிதானமாக வா. மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசிகள். குழந்தைக்கு என் சார்பில் நெற்றியில் ஒரு முத்தம், மூக்கைத் தவிர்த்து. சுருட்டையும் நெட்டையும் உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள். சாப்பாட்டுக் கடைக்காரரும்.

இப்படிக்கு,
உன் பேச்சைத் தட்டாத தம்பி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் இதை எழுதவேண்டி வந்துவிட்டது. மேலே நிதானமாக வா என்று எழுதியதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள். என் மனைவி பிடிவாதமாக என்னை இன்று கண் டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் முதல் வேலையாக என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்து, "இதை எங்க வாங்கினீங்க?" என்று கேட்டார். உன் பார்லருக்கு வருவதற்கு முந்தின வாரம், நடைபாதையில் ஒருவன், கல்லாவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர்களுக்குக் கண் எரியாது என்று சொல்லி விற்றது. அதில் மஞ்சள் பூசியிருக்கிறதாம், அதைப் போட்டுக்கொண்டால் நீலமெல்லாம் பச்சையாகத்தான் தெரியுமாம். எனக்கு அது கொஞ்சம் வெயிலடிக்கிற மாதிரி இருந்ததே தவிர வேறொன்றும் தோன்றவில்லை. கண்ணாடி இல்லாமல் புள்ளி புள்ளியாக ஒரு புத்தகத்தைக் காட்டினார், எல்லாவற்றையும் கடகடவென்று சொல்லிவிட்டேன். "உங்க கண்ணுல ஒரு குறையும் இல்ல. நிறமெல்லாம் பிறந்ததுலேருந்தே பிரமாதமா தெரிஞ்சிருக்கும்" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு என் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "அப்ப வாசக்கதவு?" என்றாள். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தக் கதவு எப்படிப் பச்சையானது என்று சத்தியமாக எனக்கும் புரியவில்லை, அக்கா. அவள் என் முன்னால் வந்து நின்று, "நான் கட்டியிருக்கிற புடவை என்ன கலர்?" என்று கேட்டாள். நீலம் என்று சரியாகச் சொன்னேன். டாக்டர் சபாஷ் என்றார். அதோடு அவள் பேச்சை நிறுத்தினவள்தான், வரும் வழியில் தெருவைக்கூடத் தனியாகத்தான் கடந்தேன். நீ உடனே புறப்பட்டு வா. நாளைக்குக் காது டாக்டரிடம் போகிறேன். அவராவது ஏதாவது ஒரு குறை கண்டுபிடித்தால்தான் எனக்கு இந்த வீட்டில் சோறு.